காவல்காரன் வராத சனிக்கிழமை

என் மாமன் மகன் லெஸ்டருக்குக் குதிரை ஏறத் தெரியாது. மாட்டுப் பண்ணையில் பிறந்து, சாணிப் புழுதியில் தவழ்ந்து, பதினெட்டு வயது வரை அங்கேயே வளர்ந்தவன். குதிரையைக் கண்டால் மூன்றடி தள்ளித்தான் நிற்பான். கயிறு எறிய வராது. வேலிக் கம்பியை முறுக்கிக் கட்ட வராது. அவனுக்கு வந்தது ஒன்றே ஒன்று, வாய். இன்றைக்கு அந்த வாயைக் கேட்க மெல்போர்னிலிருந்து விமானம் ஏறி வருகிறார்கள். நான் இருபது வருடம் குதிரைமேல் இருந்தவன். என்னைக் கேட்க அடுத்த முகாமிலிருந்துகூட ஒருத்தனும் வந்ததில்லை.

இருவரும் ஒரே மழைக்காலத்தில் பிறந்தோம். அவன் அப்பாவும் என் அம்மாவும் கூடப் பிறந்தவர்கள். செத்துப்போனவர்களின் பெயரை நாங்கள் சொல்வதில்லை, இங்கேயும் எழுத மாட்டேன். அப்போது எங்கள் நிலம் முழுக்க ஒரு வெள்ளைக்காரப் பண்ணைக்காரரிடம் இருந்தது. இந்த மண்ணின் ஆதிக்குடிகளான எங்கள் ஆட்கள் அதிலேயே கூலிக்கு நின்றார்கள். பள்ளிக்கூடம் என்பது சக்கரம் கழன்ற ஒரு கேரவன். நான் மூன்றாம் வகுப்போடு குதிரை லாயத்துக்கு ஓடிவிட்டேன். லெஸ்டர் ஆறாம் வகுப்பு வரை இருந்தான். படிப்பில் ஆசை என்று இல்லை, உள்ளே மின்விசிறி இருந்தது. சாயங்காலம் சமையல்காரரிடம் போய் ஏதாவது கதை அளந்து ஒரு டப்பா ஜாம் வாங்கி வருவான். நாள் முழுக்க மாடு ஓட்டி வந்த எனக்குக் காய்ந்த ரொட்டி, அவனுக்கு ஜாம். என் வயிற்றெரிச்சல் அன்றைக்குத் தொடங்கியது.

பிறகு அவன் கேத்தரின் நகரத்துக்குப் போனான். கறித் தொழிற்சாலையில் கொஞ்ச நாள், குப்பை வண்டியில் பல வருடம். கல்யாணம், இரண்டு பெண்கள். மனைவி நோயில் போனாள். பெண்களும் கட்டிக்கொண்டு போனார்கள். கோர்ட்டில் வழக்கு நடந்து நிலம் எங்களுக்குத் திரும்பி வந்தபோது, ஒரு மெத்தையும் ஒரு சட்டியும் லாரியில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினான். வந்த முதல் நாளே சொன்னான், "மச்சான், குப்பை வண்டிப் பின்னால தொங்கிட்டுப் போகும்போது தினமும் இந்தத் தண்ணியத்தான் நெனச்சிட்டிருந்தேன்." அதையும் அழகாகச் சொன்னான். நான் இந்த மண்ணைவிட்டு ஒரு நாளும் நகராதவன். எனக்கு அப்படி ஒரு வாக்கியம் வாயில் வந்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன் அவன் ஆரம்பித்ததுதான் நகரத்து ஆட்களுக்கான இந்த வார இறுதிப் பயணம். வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போவார்கள். எங்களோடு சாம்பலில் சுட்ட ரொட்டி தின்று, அல்லித் தண்டு கடித்து, கங்காரு வாலை நெருப்பில் வாட்டி, லெஸ்டர் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போவார்கள். நடுவில் சனிக்கிழமை காலை நீர்நிலை. அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

எங்களில் நிலம் அப்பா வழியில் வரும். அந்த நீர்நிலை லெஸ்டரின் அப்பாவுடையது, அதனால் லெஸ்டருடையது. அதன் கதை, பாட்டு எல்லாம் அவன் சொத்து. ஆனால் சொந்தக்காரன் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. அந்த வம்சத்துப் பெண் பெற்ற பிள்ளைதான் அதற்குக் காவல். அது நான். வெளியாட்கள் கரைக்கு வருவதென்றால் நான் முன்னால் போய் நிற்க வேண்டும். செத்துப்போன பெரியவர்களைக் கூவி அழைத்து, இன்னார் வந்திருக்கிறார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்ல வேண்டும். வாய் நிறையத் தண்ணீர் எடுத்து ஒவ்வொருவர் தலையிலும் ஊத வேண்டும். லெஸ்டர் கதை சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்து, சரியாகப் போகிறதா என்று பார்த்து ‘ம்’ கொட்ட வேண்டும். நான் இல்லாமல் அவன் அங்கே வாய் திறந்தால் குற்றம். நான் என்ன தண்டம் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும்.

இவ்வளவு பெரிய இடம் எனக்கு. ஆனால் வருகிறவர்களுக்கு அது எங்கே தெரிகிறது? நான் தண்ணீர் ஊதும்போது கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அவன் பேசும்போது திறந்துகொள்கிறார்கள். மூன்று வருடத்தில் எடுத்த படங்களில் நான் இருக்கிற படம் ஒன்று உண்டு. அதில் என் முழங்கை தெரியும். மற்ற நேரமெல்லாம் நான் சமையல்காரன், ரொட்டி சுடுகிற ஆள். அவனுக்குத் தொப்பி தருகிறார்கள், கடிதம் போடுகிறார்கள். பெர்த் நகரத்தில் ஒரு அம்மாள் தன் நாய்க்குட்டிக்கு லெஸ்டர் என்று பெயர் வைத்துப் படம் அனுப்பியிருந்தாள். அதை அவன் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறான்.

"நாய்க்குப் பேரு வெச்சதுக்கெல்லாம் பொறாமப்படுற ஒரே ஆம்பள நீதான்யா" என்று சிரித்தாள் என் மனைவி டாஃப்னி.

"யாரு பொறாமப்பட்டது?"

"அந்தப் படத்த இன்னிக்கு மூணு தடவ போய்ப் பாத்துட்ட. தண்ணி குடிக்கவா போன?"

நான் சொல்ல வந்த சனிக்கிழமை போன மே மாதம். வெள்ளி மாலை பன்னிரண்டு பேர் வந்தார்கள். அவர்களோடு மிரியம் என்று டார்வின் நகரத்திலிருந்து ஒருத்தி. பயண நிறுவனத்துக்காரி. அதுவரை மாதம் ஒரு முறைதான் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். இவளுக்குப் பிடித்துவிட்டால் செப்டம்பர் வரை வாராவாரம் அனுப்புவாள். பிடிக்காவிட்டால் மொத்தமாக நிறுத்திவிடுவாள். லெஸ்டர் அடுப்படிக்கு வந்து என் காதருகே குனிந்தான்.

"மச்சான், இது போச்சுன்னா நான் திரும்பக் குப்ப வண்டிதான். இங்க ஒக்காந்து என்னத்தத் திங்கிறது? நாளைக்கு நல்லா நடக்கணும். முட்டிக்கு எண்ணெய் போட்டுக்கிட்டுத் தூங்கு."

கெஞ்சினான் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கும் மனசு இளகத்தான் பார்த்தது. ஆனால் சாப்பாட்டின்போது ஒரு கிழவர், பல் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவராம், கேட்டார்:

"அந்தத் தண்ணிக்கு நீங்கதான் எல்லாமா லெஸ்டர்?"

லெஸ்டர் வாயில் மீன். கொடுவா மீனின் கன்னத்துக் கறி, நான் சுட்டது. அதை மென்றுகொண்டே, "ஆமா, எங்க அப்பா வழி" என்றான்.

அவ்வளவுதான். காவல் என்று ஒருத்தன் இருக்கிறான், அதோ சட்டி கழுவிக்கொண்டிருக்கிறானே அவன்தான் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த மீனின் முள்ளெல்லாம் என் தொண்டையில் மாட்டியது போல இருந்தது. நாளைக்கு நான் வராமல் இருந்தால் என்ன செய்வாய், பார்க்கிறேன் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

காலையில் எழுந்திருக்கவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தேன். லெஸ்டர் வாசலில் வந்து நிற்பது தெரிந்தது. டாஃப்னி அவனுக்குத் தங்கை முறை. தங்கையிடம் அண்ணன் நேராகப் பேசக்கூடாது, பெயரும் சொல்லக்கூடாது. அதனால் எங்கள் வீட்டு நாயிடம்தான் கேட்பான்.

"ஏ நாயே, ஒன் வீட்டுக்காரன் இன்னும் எந்திரிக்கலயா?"

உள்ளேயிருந்து டாஃப்னியும் நாய்க்கே பதில் சொன்னாள். "முட்டி வலியாம்னு சொல்லு. ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சாம். அதையும் சேத்துச் சொல்லு."

நாய் வாலாட்டியது. லெஸ்டர் அதன் தலையைத் தடவினான். பிறகு என்னிடமே சத்தமாகச் சொன்னான். "மச்சான், நான் அவங்கள மெதுவாக் கூட்டிட்டுப் போறேன். காஞ்ச ஓடையில ஒக்காந்திருப்போம். நீ டீயக் குடிச்சுட்டு நிதானமா வா."

நான் முனகினேன். லாரி கிளம்பியது.

லாரி சத்தம் அடங்கியதும் குதித்து எழுந்தேன். டாஃப்னி இடுப்பில் கை வைத்து என்னையே பார்த்தாள்.

"வலி எங்கய்யா போச்சு?"

"ஒனக்குத் தெரியாது. நான் இல்லாம அவன் அவங்கள கரைக்குக் கூட்டிட்டுப் போவான் பாரு. கையும் களவுமாப் புடிக்கப் போறேன்."

"புடிச்சு?"

தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டேன். எல்லார் முன்னாலும் அவன் தலைகுனிய வேண்டும். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

லாரிப் பாதை சுற்றிக்கொண்டு போகும். நான் பாறை மேட்டின் மேல் நேராக ஏறினேன். கல்மேல் நடந்தால் தடம் விழாது என்று கணக்கு. உச்சியில் ஒரு புதருக்குப் பின்னால் படுத்தேன். கீழே காய்ந்த ஓடை. அதற்கு அப்பால் காகிதம்போல் பட்டை உரிகிற மரங்கள். அந்த மரங்களுக்குப் பின்னால்தான் தண்ணீர். ஓடை மணலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

அரை மணி ஆனது. வெயில் ஏறியது. மிரியம் எழுந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள். அப்படிப் பாரடி அம்மா, நன்றாகப் பார் என்று சொல்லிக்கொண்டேன். இப்போது எழுந்திருப்பான், இதோ இப்போது என்று காத்திருந்தேன். அவன் எழவில்லை. ஏதோ பேசிக்கொண்டே இருந்தான். திடீரென்று பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். பல் வைத்தியர் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

வெயிலில் இவ்வளவு நேரம் காக்க வைக்கப்பட்ட கூட்டத்துக்கு என்ன சிரிப்பு? அப்படி என்னதான் சொல்கிறான்? என்னால் தாங்க முடியவில்லை. மேட்டின் பின்பக்கமாக இறங்கி, ஓடை வளைகிற இடத்தில் மணலைக் கடந்து, அவர்களுக்கு முப்பது அடி தள்ளி இருந்த ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

மிரியம் கேட்டுக்கொண்டிருந்தாள். "தண்ணி இன்னும் எவ்வளவு தூரம்?"

"அந்த மரங்க தெரியுதில்ல, அங்கதான்."

"அப்ப போகலாமே லெஸ்டர்?"

"போகக்கூடாது. என் மச்சான் மெர்வ் வரணும்."

"அவரு சமையல்காரர்தானே?"

"சமையலும் செய்வாரு. அந்தத் தண்ணிக்குக் காவல் அவரு. நான் சும்மா சொந்தக்காரன்தான்."

"அவர் வராட்டி?"

"திரும்பிப் போயிடுவோம்."

"இவங்க எல்லாரும் இதுக்காகத்தான் வந்திருக்காங்க. நான் என்னன்னு எழுதட்டும்?"

"தண்ணி பாக்கலன்னு எழுதுங்கம்மா. உண்மைய எழுதுங்க." 

நான் நினைத்ததற்கு நேர்மாறாக நடந்தது. அவன் கரைக்குப் போயிருந்தால் பிடித்திருப்பேன். போகவில்லை. எல்லாவற்றையும் இழக்கத் தயாராக உட்கார்ந்திருந்தான். பாராட்டத்தான் வேண்டும். எனக்கோ எரிச்சல்தான் கூடியது. இதை நேற்று ராத்திரி மீன் தின்னும்போது சொன்னால் என்னடா?

"சரி, காலு மரத்துப்போச்சு. எந்திரிங்க, தடம் பாக்கக் கத்துத் தாரேன்" என்று அவன் கிளம்பினான். உடும்பு போன கோடு, பறவையின் கால், பாம்பு புரண்ட இடம் என்று காட்டிக்கொண்டே ஓடை வளைவுப் பக்கம் வந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்மேல் அவ்வளவு ஜாக்கிரதையாக நடந்துவிட்டு, பேச்சைக் கேட்கிற ஆசையில் மணலில் பதினைந்து அடி நடந்து வந்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூட யார் கால் எது என்று தெரியும். அதிலும் என் கால்.

லெஸ்டர் நின்றான். குந்தி உட்கார்ந்தான்.

"இது மனுசன். ஆம்பள. அம்பது தாண்டுனவன். எடது காலு சரியாப் பதிஞ்சிருக்கு. வலது காலு இழுத்திருக்கு பாருங்க. மண்ணு ஓரம் இன்னும் இடிஞ்சு விழல. அப்ப இவன் போய்க் கால் மணி கூட ஆகல. குதிகால அழுத்திக் குத்தி நடந்திருக்கான். கோவத்துல இருக்கான்."

"அதெல்லாம் கூடவா தெரியும்?" என்றார் பல் வைத்தியர்.

"கோவம் காலுலதான் மொதல்ல தெரியும் ஐயா. வாயில அப்புறம்தான் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"வலது காலு ஏன் இழுக்குது?" ஒரு பெண் கேட்டாள்.

லெஸ்டர் மணலில் வசதியாக உட்கார்ந்துகொண்டான். பிறகு சொல்ல ஆரம்பித்தான். எங்களுக்குப் பத்தொன்பது வயது. மாடு சேர்க்கிற காலம். லெஸ்டர் கேத்தரினிலிருந்து சும்மா பார்க்க வந்திருந்தான். ஒரு முரட்டுக் காளை வேலியை உடைத்துக்கொண்டு நேராக அவன்மேல் வருகிறது. இவன் ஓடுகிறான், கால்சட்டை கம்பியில் மாட்டிக் கிழிகிறது, பாதிக் கால்சட்டையோடு ஒரு ஒல்லி மரத்தில் ஏறுகிறான், மரம் வளைகிறது. அப்போது நான் பிஸ்கட் என்ற செந்நிறப் பெண்குதிரையில் வருகிறேன். காளைக்கும் மரத்துக்கும் நடுவில் குதிரையை விடுகிறேன். காளை முட்டி, குதிரை சாய்ந்து, என் வலது பாதத்தின்மேல் விழுகிறது. அப்படியும் நான் கடிவாளத்தை விடவில்லை.

நடந்தது அதுதான். ஆனால் அவன் சொல்லும்போது குளம்புச் சத்தம் கேட்டது. மரம் வளைகிற மாதிரி அவன் முதுகு வளைந்தது. ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் குதிரைமேல் இருந்தது நான். இருந்தும் பாறைக்குப் பின்னால் குந்திக்கொண்டு, ‘அட, அந்த ஆளைப் போல இருக்க வேண்டும்’ என்று எனக்கே ஆசை வந்தது. என் காலை உடைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தையும் இவன் என்னைவிட நன்றாக வைத்துக்கொண்டிருக்கிறான்.

"இப்ப அவரு எங்க?" என்றாள் அந்தப் பெண்.

"அந்தப் பாறைக்குப் பின்னாலதான். மச்சான், வெளிய வாடா. எறும்புப் புத்துமேல ஒக்காந்திருக்க, கடிக்கப் போவுது."

நான் எழுந்து வந்தேன். பன்னிரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். பல் வைத்தியர் தொப்பியைக் கழற்றினார். என்ன சொல்வது என்று தெரியாமல், "முட்டி வலி" என்றேன்.

"தெரியும்" என்றான் லெஸ்டர். கேலி இல்லாமல்தான் சொன்னான். அதற்குப் பதில் கேலி செய்திருக்கலாம்.

முன்னால் நடந்தேன். கரையில் நின்று பெரியவர்களைக் கூவினேன். குரல் வழக்கத்தைவிடப் பெரிதாக வந்தது. ஒவ்வொருவர் தலையிலும் தண்ணீர் ஊதினேன். மிரியத்தின் தலையில் கொஞ்சம் அதிகமாகவே ஊதினேன். அன்றைக்கு யாரும் கண்ணை மூடவில்லை. லெஸ்டர் வெளியாட்களுக்குச் சொல்லக்கூடிய கதையை எடுத்தான். கூழைக்கடா பறந்து வந்தது, களைத்தது, அந்த மேற்குக் கரையில் இறங்கியது என்று கை நீட்டினான்.

நான் ‘ம்’ கொட்டவில்லை.

மேற்கில் வெளிச்சம் நன்றாக விழும், படம் அழகாக வரும் என்று ஒரு வருடமாக அவன் அந்தப் பறவையை இடம் மாற்றி வைத்திருந்தான். நானும் சோம்பலில் விட்டுவிட்டேன்.

"கெழக்கு" என்றேன்.

 லெஸ்டர் என்னைப் பார்த்தான், தலையாட்டினான், கையைக் கிழக்கே திருப்பி முதலிலிருந்து சொன்னான். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்னொரு காலையும் கொடுத்திருப்பேன்.

கதை முடிந்ததும் மிரியம் எங்கள் இருவரையும் தனியாக அழைத்தாள். "எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. ஆனா பயமாவும் இருக்கு. ஒருத்தர் வராட்டி மொத்தப் பயணமும் நின்னுபோகும்னா, நான் எப்படிக் காசு வாங்கி ஆள் அனுப்புறது?"

"நிக்கத்தான் செய்யும்" என்றான் லெஸ்டர். "அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. அவரத்தான் கேக்கணும்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "செப்டம்பர் வரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவீங்களா மெர்வ்?"

 லெஸ்டரைப் பார்த்தேன். ஐம்பது வருடத்தில் முதல்முறையாக அவன் வாயில் ஒரு சொல் இல்லை. உதட்டை நக்கிக்கொண்டான். குப்பை வண்டியும் மெத்தையும் சட்டியும் அவன் முகத்தில் தெரிந்தன. அந்த மௌனத்தை எவ்வளவு நேரம் நீட்ட முடியுமோ அவ்வளவு நேரம் நீட்டினேன்.

"வருவேன்" என்றேன். "ஆனா ஒண்ணு. அந்தத் தண்ணியப் பத்தி யாராச்சும் கேட்டா, காவல் யாருன்னு மொத நாள் ராத்திரியே சொல்லணும். அப்புறம் அந்தக் குதிரைக் கதைய இனிமே நான்தான் சொல்லுவேன்."

"சரி மச்சான்" என்று மூச்சு விட்டான் லெஸ்டர். அவன் கை என் தோளில் விழுந்தது. மிரியம் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சாயங்காலம் நெருப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தபோது லெஸ்டரே சொன்னான், மெர்வ் இப்போது குதிரைக் கதை சொல்வார் என்று. டாஃப்னிகூட அடுப்பை விட்டு வந்து நின்றாள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னேன். காளை ஒன்று வந்தது. இவன் மரத்தில் ஏறினான். நான் குதிரையை நடுவில் விட்டேன். குதிரை விழுந்தது. கால் உடைந்தது. அவ்வளவுதான்.

நெருப்பு வெடித்தது. யாரோ இருமினார்கள். பல் வைத்தியர் நல்ல மனுசர், "ஓ, சரி சரி" என்றார். காலையில் வாயைப் பொத்திக்கொண்ட அம்மாள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, மெல்ல லெஸ்டர் பக்கம் சாய்ந்தாள்.

"அந்தக் கால்சட்ட எப்படிக் கிழிஞ்சுதுன்னு சொன்னீங்களே..."

லெஸ்டர் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தான், கரையில் என் ‘ம்’முக்காகப் பார்ப்பது போலவே. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தேநீரில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு, நிதானமாகக் கலக்கினேன். கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று இன்னொரு கரண்டியும் போட்டேன்.